"உடைச்சுப் பாருங்கோ": ஒரு பேச்சு நம்மை எப்படி இணங்க வைக்கிறது?

[காட்சி: வற்றாப்பளை, வைகாசிப் பொங்கல் இரவு. கச்சான் கடை வரிசை.]

வணக்கம். முல்லைத்தீவில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனவர்களுக்கு இந்த வரிசை தெரியும். எல்லாக் கடையிலும் அதே கச்சான், அதே விலை. ஆனால் ஒரு அம்மாவின் கடையில் மட்டும் எப்போதும் சனம் நிற்கும். அவர் கூவுவதில்லை. போகிறவரின் உள்ளங்கையில் சுடச்சுட இரண்டு கச்சானை வைத்து, "உடைச்சுப் பாருங்கோ பிள்ளை" என்பார். கோதை உடைக்கிறோம். உள்ளே பருப்பு கருகாமல் பதமாக வறுபட்டிருக்கிறது. வாயில் போட்டபின் வாங்காமல் நகர மனம் வருவதில்லை.

ஏன்? கையில் ஒன்றை வாங்கிவிட்டுச் சும்மா போகக் கூச்சமாக இருக்கிறது. இது ஒரு காரணம், எல்லா வியாபாரிக்கும் தெரிந்தது. இன்னொரு காரணம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கச்சான் நல்லது என்று அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. நம்முடைய நாக்குத்தான் சொன்னது. பிறர் சொன்னதை மறந்துவிடுவோம், நாமே உடைத்துப் பார்த்ததை மறக்கமாட்டோம்.

[காட்சி: விடியற்காலை. ஒழுங்கைக்குள் பாண் ஓட்டோ.]

பேச்சு, விளம்பரம், செய்தி எதுவானாலும் முதல் வேலை ஆட்களைத் திரும்பிப் பார்க்க வைப்பது. காலையில் பாண் ஓட்டோ போடும் அந்த மெட்டு ஜெர்மனியில் பிறந்த பேத்தோவன் 1810இல் எழுதியது. அவர் பெயரே தெரியாத வீட்டிலும் அது கேட்டதும் காசை எடுத்துக்கொண்டு படலைக்கு ஓடுகிறார்கள். சரி, திரும்பிப் பார்த்தாயிற்று. நம்ப வைப்பது எப்படி?

[காட்சி: கூத்து மேடை. பாண்டியன் சபை.]

அதற்கு நாங்கள் வெளியே எங்கும் போகத் தேவையில்லை. வற்றாப்பளைக் கோயிலுக்குள் இருக்கும் கண்ணகி அம்மனே அதைச் செய்து காட்டியவள். முல்லைத்தீவுக் கோவலன் கூத்தைப் பார்க்கப் பாயோடு போய் விடிய விடிய இருந்தவர்களுக்குக் கதை மனப்பாடம். ஆனாலும் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை ஒருமுறை மெதுவாக வாசித்துப் பாருங்கள். கண்ணகி எந்த வரிசையில் பேசுகிறாள் என்று கவனியுங்கள்.

"தேரா மன்னா" என்று தொடங்குகிறாள். ஆராயாத அரசனே என்று பொருள். அடுத்துத் தன் கணவனைப் பற்றி அல்ல, சோழ அரசர்களைப் பற்றிச் சொல்கிறாள். புறாவின் துயர் தீர்த்தவன் ஒருவன். பசுவின் கண்ணீர் நெஞ்சைச் சுட, பெற்ற மகனையே தேர்க்காலில் இட்டவன் இன்னொருவன். அப்படிப்பட்ட புகார் என் ஊர் என்கிறாள். நீதி என்றால் என்ன என்ற அளவுகோலை முதலில் சபையின் நடுவில் நட்டுவிட்டாள். அதற்குப் பிறகுதான் மாமனார் பெயர், கணவன் பெயர், தன் பெயர்.

கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்கிறான் பாண்டியன். அவள் அழுது மன்றாடவில்லை. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். எங்கள் சிலம்பின் பரல் முத்து என்கிறான் அவன். இந்த இடத்தில் நில்லுங்கள். சிலம்பு இன்னும் உடையவில்லை. ஆனால் உள்ளே எது இருந்தால் யார் சொன்னது உண்மை என்பதை இருவரும் சபையறியச் சொல்லிவிட்டார்கள். இனி யாரும் பின்வாங்க முடியாது. அதன் பிறகே உடைக்கிறாள். மாணிக்கம் தெறிக்கிறது. "யானே கள்வன்" என்ற தீர்ப்பை அரசன் தன் வாயால் சொல்லிக்கொள்கிறான்.

பேசுகிறவரின் தகுதி, கேட்கிறவரின் உணர்வு, சொல்லும் நியாயம் என்று இதையே கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் பகுத்து எழுதினார். மூன்றும் இந்தச் சில வரிகளுக்குள் இருக்கின்றன.

[காட்சி: முகமாலை. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை.]

உணர்வில் பயம் தனி வகை. கண்ணிவெடிப் பலகை இல்லாத வன்னியை எங்கள் தலைமுறைப் பிள்ளைகள் அறியவில்லை. கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் இலங்கை சேர்ந்ததே 2017இல்தான். அந்தப் பலகை பயம் காட்டியது உண்மை. ஆனால் காட்டுக்குள் போய் விறகு எடுக்காவிட்டால் அடுப்பு எரியாது என்ற வீட்டில் பயத்தை மட்டும் வைத்து என்ன செய்வது?

1965இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஏற்பு (டெட்டனஸ்) நோய்த் தடுப்பு ஊசி பற்றி ஓர் ஆய்வு நடந்தது. நோயின் கொடுமையை எவ்வளவு பயங்கரமாகச் சொல்லியும் மாணவர்களில் சுமார் 3 வீதம்தான் ஊசி போடப் போனார்கள். மருத்துவ நிலையம் இருக்கும் வரைபடத்தையும் போகக்கூடிய நேரத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது அது ஏறக்குறைய 28 வீதமானது. பயந்தவருக்கு வழி தேவைப்பட்டது.

அதனால்தான் மீள்குடியேற்ற காலத்தில் பள்ளிக்கூடங்களிலும் மர நிழல்களிலும் நடந்த தெரு நாடகங்களை நான் மதிக்கிறேன். அவை 'செத்துப்போவாய்' என்பதோடு நிற்கவில்லை. நில், தொடாதே, வந்த தடத்திலேயே திரும்பு, பெரியவர்களுக்குச் சொல் என்று பிள்ளைகளை நடந்து காட்ட வைத்தன.

[காட்சி: மாமர நிழல். பாயில் பெண்கள். ஒரு கோப்பு.]

இனி வருவது எங்கள் வீட்டில் நடந்தது. நுண்கடன் நிறுவனம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி வந்தார். கதிரை போட்டோம், வேண்டாம் என்று பாயில் இருந்தார். எல்லாரையும் அக்கா என்றே கூப்பிட்டார். சித்தியின் மகனுக்குச் சாதாரண தரப் பரீட்சை எப்போது என்றுகூடக் கேட்டார். "பக்கத்து ஒழுங்கை அக்காமார் எல்லாரும் எடுத்திட்டினம். இண்டைக்குக் கையெழுத்து வைச்சால் நாளைக்குக் காசு. கிழமைக்கு 1,250 ரூபாதான்."

பணிவு, பாசம், ஊரோடு ஒத்துப்போகும் மனம், அவசரம் எல்லாம் இருந்தன. மொத்தம் எவ்வளவு என்பது மட்டும் இல்லை. 50,000 ரூபாவுக்குக் கிழமைக்கு 1,250 வீதம் 52 கிழமை கட்டினால் 65,000. வட்டி 30 வீதம்போலத் தெரியும். ஆனால் கடன் கிழமைக்குக் கிழமை குறைந்துகொண்டு போகிறதே, அதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் வருடத்துக்கு 50 வீதத்தைத் தாண்டும். சித்தி அதைக் கட்ட இன்னொரு கடன் எடுத்தா. வன்னியில் எத்தனை வீடுகளில் இதே கதை! வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யப்போவதாக 2018இல் அரசாங்கமே அறிவிக்கவேண்டி வந்தது.

அந்தத் தம்பி பொய் எதுவும் சொல்லவில்லை. சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. சிலம்பை மட்டும் உடைக்கவிடவில்லை.

[காட்சி: அதே மாமரம். வேறொரு கோப்பு.]

போன மாதம் வேறு ஒருவர் வந்தார். அவருக்கும் பாய் விரித்து, தேத்தண்ணி கொடுத்து, கதை முழுவதையும் கேட்டா சித்தி. பிறகு மகனின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, பேனையோடு அவர் முன்னால் வைத்தா.

"கடைசியில் மொத்தமாய் எவ்வளவு தம்பி? இதிலை எழுதித் தாங்கோ."

அவர் தேத்தண்ணியை முழுவதும் குடிக்காமலே எழும்பினார்.