சோற்றுப் பார்சலை யார் கட்டினார்கள்?

(திருகோணமலையில் வாசிகசாலை மண்டபம் ஒன்றில் இளைஞர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வணக்கம் பிள்ளைகள். தலைவர் என்னைக் கொஞ்சம் கூட்டியே அறிமுகப்படுத்திவிட்டார். அதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். ஒரு மின்விசிறிதான் சுற்றுகிறது, அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

2022 மே 9ஆம் திகதி மகிந்த ராஜபக்ச பிரதமர் பதவியை விட்டார். அவர் குடும்பத்தோடு நம்முடைய கடற்படைத் தளத்துக்கு வந்துவிட்டார் என்று மறுநாள் செய்தி பரவியதும் வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். உங்களில் சிலரும் போயிருப்பீர்கள். அதை இயக்கம் என்று சொல்லலாமா? நான் சொல்லமாட்டேன். கூட்டம் சேர ஒரு கோபமும் ஒரு போனும் போதும். அடுத்த கிழமையும் அதே ஆட்கள் வருவார்களா, வந்தால் பஸ் காசு யார் கொடுப்பது, மழை வந்தால் எங்கே ஒதுங்குவது என்று ஒருவர் யோசிக்கத் தொடங்குகிறாரே, அங்கேதான் இயக்கம் தொடங்குகிறது.

அமெரிக்கச் சமூகவியலாளர்கள் ஜோன் மக்கார்த்தியும் மேயர் சால்டும் 1977இல் எழுதிய கட்டுரை ஒன்றின் சாரமும் கிட்டத்தட்ட இதுதான். மனக்குறை எந்தச் சமூகத்திலும் எப்போதும் இருக்கிறது, இயக்கம் மட்டும் எப்போதாவதுதான் வருகிறது. அப்படியென்றால் குறையை மட்டும் வைத்து இயக்கத்தை விளக்க முடியாது. பணம், நேரம், ஆள், இடம், ஏற்கெனவே இருக்கும் சங்கங்கள், இவற்றைப் பார் என்றார்கள். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் இலட்சியத்துக்கு வேலையே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் இலட்சியம் சாப்பிடாமல் எத்தனை நாள் நிற்கும்?

மொன்ட்கோமரி கதையைப் பாருங்கள். அமெரிக்காவின் அலபாமாவில் 1955 டிசம்பர் 1ஆம் திகதி ரோசா பார்க்ஸ் பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு இருக்கையை விட மறுத்துக் கைதானார், ஊர் கொதித்தது, மார்ட்டின் லூதர் கிங் வந்தார். பாடப்புத்தகக் கதை இவ்வளவுதான். ஆனால் அதே வருஷம் மார்ச்சிலேயே குளோடெட் கொல்வின் என்ற 15 வயதுப் பிள்ளை அதே குற்றத்துக்குக் கைதாகியிருந்தாள். ஊர் எழவில்லை. அதற்கும் முந்திய வருஷம் அங்கிருந்த கறுப்பினப் பெண்களின் அமைப்பொன்று, இப்படியே போனால் பஸ்ஸைப் பகிஷ்கரிப்போம் என்று மேயருக்குக் கடிதம் போட்டிருந்தது. பார்க்ஸ் கைதான அன்று இரவு, அந்த அமைப்பின் ஜோ ஆன் ரொபின்சன் தான் படிப்பித்த கல்லூரியின் ரோனியோ மெஷினில் விடியும்வரை துண்டுப்பிரசுரம் அடித்தார். வெடி அன்று வெடித்தது, மருந்து நெடுநாளாகவே இடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் 381 நாள் பஸ் பகிஷ்கரிப்பு. பஸ்ஸில் ஏறாதவர்கள் வேலைக்குப் போகவேண்டாமா? கார் வைத்திருந்தவர்கள் முறைபோட்டு ஏற்றி இறக்கினார்கள். எதிர்த்தவர்கள் அந்தக் கார்களின் காப்புறுதியை ரத்துச் செய்ய வைத்தார்கள். இவர்கள் லண்டன் லொயிட்ஸில் காப்புறுதி எடுத்தார்கள். பெற்றோலுக்குக் காசு? ஜோர்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண் கோழிப் பொரியலும் கேக்கும் செய்து விற்றார், மற்றப் பெண்களையும் சேர்த்துக்கொண்டார், காசைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தார். யார் கொடுத்த காசு என்று வெளியே தெரிந்தால் அந்தப் பெண்களின் வேலை போய்விடும் என்பதால், ‘எங்கிருந்தும் வராதவர்கள் கழகம்’ என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். 1956இல் உச்ச நீதிமன்றம் பஸ்களில் நிறப்பிரிவினை செல்லாது என்றது. கிங்கின் பேச்சு பெரிய பேச்சுத்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோழிப் பொரியல் இல்லாவிட்டால் பேச்சைக் கேட்க எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்?

நம் ஊருக்கு வருவோம். 1961 பெப்ரவரி 20ஆம் திகதி யாழ்ப்பாணக் கச்சேரி என்ற அரச அலுவலகத்தின் வாசலில் தமிழரசுக் கட்சி தொடங்கிய சத்தியாக்கிரகம் திருகோணமலைக் கச்சேரிக்கும் வந்தது. ஏப்ரல் 17 அவசரகாலச் சட்டம் வரும்வரை ஏறத்தாழ எட்டுக் கிழமை. அந்த எட்டுக் கிழமையும் உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சோற்றுப் பார்சலை யார் கட்டினார்கள்? தலைவர்களின் படத்தைச் சுவரில் மாட்டுகிறோம், இதைக் கேட்பதில்லை. வீட்டில் வயதான அம்மம்மா இருந்தால் இன்றைக்கே கேளுங்கள். அன்று கேட்ட மொழி உரிமை கிடைக்கவில்லை, தலைவர்களைத் தடுப்பில் வைத்தார்கள். தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதப்பட்டது 1987இல். அதற்கிடையில் எவ்வளவு இரத்தம் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

அடுத்தது ஆதரவு. நம் மாவட்டத்துச் சம்பூரை எடுங்கள். 2006இல் இடம்பெயர்ந்த சனம் கிளிவெட்டியிலும் கட்டைபறிச்சானிலும் முகாம்களில் வருஷக்கணக்காகக் கிடந்தது. அவர்களுடைய நிலத்தில் 500 மெகாவொட் நிலக்கரி மின்நிலையம் கட்ட இந்தியாவோடு ஒப்பந்தம். முகாமில் இருந்தவர்கள் தனியே எவ்வளவு கத்தியும் கொழும்பின் காதில் ஏறவில்லை. ஆனால் சாம்பலும் புகையும் என்ற பேச்சு வந்தபோது தெற்கின் சூழலியலாளர்களும் சேர்ந்தார்கள். சூடான தண்ணீர் கொட்டியாரக் குடாவுக்குள் விழும் என்றபோது மீனவர்களுக்கும் அது சொந்தப் பிரச்சினையானது. ஒருவருக்கு நிலம், ஒருவருக்குக் கடல், இன்னொருவருக்குக் காற்று. எல்லோரும் ஒரே காரணத்துக்காக வரவேண்டும் என்று யாரும் அடம்பிடிக்காததால் காரியம் நடந்தது. 2015, 2016இல் சனம் ஊர் திரும்பத் தொடங்கியது; 2016 செப்டெம்பரில், அங்கே நிலக்கரி நிலையம் கட்டப்போவதில்லை என்று அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. 2025 ஏப்ரலில் சம்பூரில் 120 மெகாவொட் சூரிய மின் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஆக, நிலக்கரி போயிற்று. நிலம் யாருடையது என்ற வழக்கு வேறு வழக்கு, அதற்குச் சூழலியலாளர் வரமாட்டார்.

2021 பெப்ரவரியில் தமிழர் உரிமை கேட்டுக் கிழக்கின் பொத்துவிலிலிருந்து வடக்கின் பொலிகண்டி வரை நடந்த பேரணியையும் இப்படித்தான் பார்க்கிறேன். கொவிட்டில் இறந்த முஸ்லிம்களின் உடல்களை எரிக்காதே என்ற கோரிக்கையும் அதில் இருந்தது, அவர்களும் வந்து சேர்ந்தார்கள். மாத முடிவில் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. நாம் நடந்ததால்தான் வந்தது என்று மார்தட்டக் கூடாது. ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் ஜெனீவாக் கூட்டத்தொடரும் பாகிஸ்தான் பிரதமரின் வருகையும் அதே மாதம்தான். இயக்கம் கதவைத் தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். உள்ளே இருப்பவன் எந்த நாளில் தாழ்ப்பாளை எடுப்பான் என்பது பல நேரம் நம் கையில் இல்லை.

கூட்டம் தொடங்குமுன் ஒரு தங்கச்சி கேட்டார், “சேர், எங்கட ஊர்க் கரையில கொட்டுற குப்பைக்கு எதிரா ஏதாவது செய்யவேணும். முதல்ல முகநூல்ல குழு தொடங்கவா, பதாகை அடிக்கவா?” இரண்டும் பிறகு, பிள்ளை. முதலில் கரையில் வலை காயப்போடுகிறவர்களிடம் போய், குப்பையால் அவர்களுக்கு என்ன நட்டம் என்று கேள். ஹோட்டல்காரரிடமும் கேள், அவருடைய கவலை வேறாக இருக்கும். கேட்கும்போதே பிரதேச சபையிடம் என்ன கேட்பது, எத்தனை நாள் தவணை கொடுப்பது என்பது தெளியும். குப்பை ட்ரக்டர் கிழமைக்கு இரண்டு தரம் வரவேண்டும் என்று கேள்; ‘சுத்தமான நாடு’ என்று கேட்டால் ஆம் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்பார்கள். அப்புறம் நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கு. வந்த காசு, போன காசு, யார் தேத்தண்ணி கொடுத்தார், யார் ஆட்டோவைக் கூலி வாங்காமல் ஓட்டினார், எல்லாம் அதில் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை கூடும்போது எல்லோருக்கும் கேட்கும்படி வாசி. கணக்கில் பத்து ரூபாய் இடித்தால் அன்றைக்கே தீர்த்துவிட்டு எழும்புங்கள். நம் ஊர்ச் சங்கங்கள் பொலிஸால் உடைந்ததைவிடக் கணக்கால் உடைந்ததுதான் அதிகம்.