நட்ஸ் கேரமல், மேலே சாக்லேட்: பண்டிகைக்கு ஒரு பரிசுப் பெட்டி

எல்லாருக்கும் வணக்கம். அடுப்பை இன்னும் பற்றவைக்கவில்லை. பற்றவைத்த பிறகு உங்களைப் பார்த்துப் பேச நேரம் இருக்காது, அதனால் இப்போதே கொஞ்சம் பேசிவிடுகிறேன்.

இன்று செய்யப்போவது நட்ஸ் போட்ட மெத்தென்ற கேரமல். அதைத் துண்டு போட்டு, சாக்லேட்டில் முக்கி எடுக்கப்போகிறோம். பண்டிகைக்கு யாருக்காவது கையால் செய்து கொடுக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கேக்கை விட நாள் தாங்கும். சின்னப் பெட்டியில் எட்டுத் துண்டு அடுக்கினாலே நிறைவாகத் தெரியும்.

சர்க்கரைப் பாகு என்றாலே பலருக்குப் பயம். என்னைக் கேட்டால், இந்த வேலையில் கண் வைக்க வேண்டியது தண்ணீர் மேலேதான். பாகில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்பதை வைத்துத்தான் கேரமல் மெத்தென்று இருக்குமா, பல்லைப் பதம் பார்க்குமா என்பது முடிவாகும். உருகிய சாக்லேட்டில் சில சொட்டுத் தண்ணீர் பட்டால் போதும், கட்டி தட்டிவிடும். நட்ஸில் ஈரம் இருந்தால் நமுத்துப் போகும். எல்லாம் சரியாக வந்த பிறகும், காற்றில் இருக்கும் ஈரம் பட்டால் கேரமல் பிசுபிசுக்கும். அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வருகிறேன்.

முதலில் நட்ஸ். 200 கிராம் எடுத்திருக்கிறேன், பாதி பாதாம், பாதி வால்நட். முந்திரி, வேர்க்கடலை, ஹேசல்நட் எது வேண்டுமானாலும் போடலாம். பாக்கெட்டைப் பிரித்ததும் ஒன்றை வாயில் போட்டுப் பாருங்கள். நட்ஸில் எண்ணெய் அதிகம், பழசானால் காறல் வாடை வந்துவிடும். அந்த வாடையைக் கேரமலும் மறைக்காது, சாக்லேட்டும் மறைக்காது.

ஓவனை 160 டிகிரியில் வைத்து, தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி வறுக்கிறேன். பாதாமுக்கு 12 முதல் 15 நிமிடம் ஆகும். வால்நட் சீக்கிரம் கருகும், 8 நிமிடத்திலேயே எட்டிப் பார்த்துவிடுங்கள். இரண்டையும் ஒரே தட்டில் போடாததற்குக் காரணம் அதுதான். ஓவன் இல்லையென்றால் வாணலியில், சிறு தீயில், கையை எடுக்காமல் கிளறுங்கள். வெளி நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஒரு பாதாமை இரண்டாக வெட்டுங்கள், உள்ளே இளம்பழுப்பாக இருந்தால் சரி. வால்நட்டை வறுத்த சூட்டோடு ஒரு துணியில் போட்டுத் தேய்த்தால் கசக்கும் தோல் பாதி உதிர்ந்துவிடும்.

கொஞ்சம் ஆறிய பிறகு பெரிய துண்டுகளாக நறுக்கி, ஒரு சல்லடையில் போட்டுத் தூளைத் தட்டிவிடுங்கள். தூள் கலந்தால் கேரமல் மண் மாதிரி நெருடும். நறுக்கியதை மறுபடி அணைத்த ஓவனுக்குள் வைத்துவிடுகிறேன், வெதுவெதுப்பாகவே இருக்கட்டும். ஆறிப்போன நட்ஸைக் கொட்டினால் பாகு சட்டென்று இறுகி, கிளற விடாது.

சரி, இப்போது பாகு. சர்க்கரை 300 கிராம், தண்ணீர் 60 மில்லி, குளுக்கோஸ் சிரப் 80 கிராம். தனியாக, கிரீம் 240 மில்லி, உப்பில்லாத வெண்ணெய் 70 கிராம், உப்பு ஒரு டீஸ்பூன், வனிலா ஒரு டீஸ்பூன். கிரீமில் கொழுப்பு 35 சதவீதம் இருந்தால் நல்லது. குறைவாக இருந்தால் அதில் தண்ணீர் கூடுதல் என்று அர்த்தம், பாகு சூடேற அவ்வளவு நேரம் அதிகமாகும். செய்ய முடியாது என்றில்லை, பொறுமை வேண்டும். கிரீமையும் வெண்ணெயையும் சேர்த்துச் சூடாக்கி ஓரமாக வைத்திருக்கிறேன். கொதிக்க வேண்டாம், ஆவி வந்தால் போதும்.

பாத்திரம் பெரிதாக, அடிகனமாக இருக்கட்டும். இவ்வளவு சர்க்கரைக்கு இவ்வளவு பெரிய பாத்திரமா என்று தோன்றும். கிரீமை ஊற்றும்போது ஏன் என்று பார்ப்பீர்கள்.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு சின்னச் சோதனை. தெர்மாமீட்டரைக் கொதிக்கும் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். கடல் மட்டத்தில் இருப்பவர்களுக்கு 100 காட்ட வேண்டும். மேடான ஊரில் தண்ணீர் அதற்குக் குறைவான சூட்டிலேயே கொதிக்கும், தோராயமாக 300 மீட்டர் ஏற ஏற ஒரு டிகிரி குறையும். உங்களுடையது 97 காட்டினால், கேரமலின் கடைசிச் சூட்டில் நான் சொல்வதிலிருந்து 3 கழித்துக்கொள்ளுங்கள். அது ஊர் உயரத்தால் வந்ததா, தெர்மாமீட்டரின் கோளாறா என்று ஆராயவே வேண்டாம், கணக்கு ஒன்றுதான்.

சர்க்கரை, தண்ணீர், சிரப் மூன்றும் அடுப்பில் ஏறிவிட்டன. கரையும் வரை கிளறலாம். கொதி வந்ததும் கரண்டியை வெளியே எடுத்துவிட வேண்டும். சர்க்கரைக்கு மறுபடி மறுபடி கல்லாக வேண்டும் என்றே ஆசை. ஒரு மூலையில் ஒரு சின்னப் படிகம் கிடைத்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு முழுப் பாத்திரமும் மணல் மணலாகிவிடும். குளுக்கோஸ் சிரப் சேர்ப்பது அதைத் தடுக்கத்தான், படிகங்கள் ஒன்றோடொன்று சேர விடாமல் அது நடுவில் நிற்கும். சிரப் கிடைக்காதவர்கள் அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விடலாம். புளிப்பு, சர்க்கரையில் ஒரு பகுதியை உடைத்துவிடும், பலன் கிட்டத்தட்ட அதேதான். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைக் கழுவி விட, இரண்டு நிமிடம் மூடி போடுங்கள். ஆவியே வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

இப்போது காத்திருக்கும் நேரம். முதலில் தெர்மாமீட்டர் நகரவே நகராது. தண்ணீர் ஆவியாகிப் போக வேண்டுமே, அதுவரை அடுப்பின் சூடெல்லாம் அதற்கே செலவாகும். தண்ணீர் குறையக் குறையச் சூடு வேகமாக ஏறும். 150ஐத் தாண்டிய பிறகு போன் எடுக்கக்கூடப் போகாதீர்கள். இந்த இடத்தில் பாகு 160, 170 டிகிரி இருக்கும். தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், உதறினாலும் போகாது. குழந்தைகள் சமையலறைக்குள் வேண்டாம். முழுக்கைச் சட்டையும் நீளமான கரண்டியும் வேண்டும். பட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், ஐஸ் வைக்காதீர்கள், வெண்ணெய் தடவாதீர்கள்.

இதோ, ஓரத்தில் நிறம் மாறுகிறது. பாத்திரத்தைப் பிடித்து லேசாகச் சுழற்றி விடுகிறேன். தேன் நிறம் வந்ததும் அடுப்பை அணைத்துவிடுவேன். இன்னும் கருக்க விடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வெறும் பாகாகச் சாப்பிடுவதென்றால் விடலாம். இது இனிமேல் கிரீமோடு இன்னொரு தடவை வேகப்போகிறது, பாலிலுள்ள புரதம் சர்க்கரையோடு சேர்ந்து தன் பங்குக்குச் சிவக்கும். கேரமல் மிட்டாய்க்கு அந்த மணத்தைக் கொடுப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான்.

இப்போது கிரீம். மூன்று தடவையாக, மெதுவாக. பார்த்தீர்களா எப்படிப் பொங்குகிறது! கிரீமில் இருக்கும் தண்ணீர் இவ்வளவு சூட்டில் ஒரே நொடியில் ஆவியாகப் பார்க்கிறது, அதுதான் இந்தப் பொங்கல். பெரிய பாத்திரம் ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும். கிரீம் சில்லென்று இருந்தால் இது இன்னும் மோசமாகும், பாகும் அடியில் கல்லாக உறையும்.

மறுபடி மிதமான தீ. சூடு நன்றாக இறங்கியிருக்கும், இங்கிருந்து 119 வரை போக வேண்டும். அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருங்கள். 115இல் நிறுத்தினால் துண்டு போட்ட பிறகு ஒழுகும். 119இல் வெட்டினால் வடிவம் நிற்கும், கடித்தால் மெத்தென்று இருக்கும், சாக்லேட்டில் முக்க இதுதான் சரி. 123க்குப் போனால் தாடைக்கு வேலை. நாலு டிகிரியில் இவ்வளவு வித்தியாசமா என்றால், ஆமாம், ஒவ்வொரு டிகிரிக்கும் உள்ளே இருக்கும் தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது. தெர்மாமீட்டர் இல்லாதவர்களுக்குப் பழைய வழி இருக்கவே இருக்கிறது. ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். விரலால் திரட்டினால் உருண்டையாகத் திரண்டு, வெளியே எடுத்த பிறகும் தட்டையாகாமல் நின்று, அழுத்தினால் மட்டும் அமுங்க வேண்டும். உருண்டைப் பதம். சோதிக்கும் நேரத்தில் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி வையுங்கள், இல்லையென்றால் நீங்கள் உருட்டி முடிப்பதற்குள் பதம் தாண்டிவிடும்.

119. இறக்கியாயிற்று. உப்பு, வனிலா, வெதுவெதுப்பான நட்ஸ், ஒரு கிளறு. 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டில் பேக்கிங் தாள் விரித்து ஊற்றுகிறேன். மெழுகுத் தாளை இதற்குப் போடாதீர்கள், இந்தச் சூட்டில் மெழுகு உருகிக் கேரமலோடு ஒட்டிக்கொள்ளும். பாத்திரத்தின் அடியைச் சுரண்டிச் சேர்க்கவும் வேண்டாம், அங்கே இருப்பது கூடுதலாக வெந்தது.

இது தானாக ஆற வேண்டும், நாலு மணி நேரமாவது. ராத்திரி முழுக்க விட்டால் இன்னும் நல்லது. ஃப்ரிட்ஜில் வைத்து அவசரப்படுத்தினால் வெளியே எடுக்கும்போது மேலே வியர்க்கும். தண்ணீர் மறுபடி உள்ளே வந்துவிடும்.

இது ஏற்கெனவே ஆற வைத்த இன்னொரு தட்டு. கத்தியில் துளி எண்ணெய் தடவி, அறுக்காமல் நேராக அழுத்தி வெட்டுகிறேன். இரண்டரை சென்டிமீட்டர் துண்டாகப் போட்டால் 64 வரும்.

அடுத்து சாக்லேட். கடையில் வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். கொக்கோ வெண்ணெய் என்று போட்டிருந்தால் அசல் சாக்லேட். அதற்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு போட்டிருந்தால் காம்பவுண்ட். காம்பவுண்டை உருக்கி, முக்கி, வைத்தால் வேலை முடிந்தது, டெம்பரிங் தேவையில்லை, அதாவது சாக்லேட்டின் சூட்டை ஏற்றி இறக்கிச் சரியாக உறைய வைக்கும் வேலை. வெயில் காலத்தில் அதுதான் பிழைக்கும் என்றால் அதையே வாங்குங்கள், அதில் ஒன்றும் வெட்கமில்லை. ஆனால் நாக்கில் வைத்ததும் கரைகிற சுகம் அசலுக்குத்தான் உண்டு.

அசலுக்கு ஏன் டெம்பரிங்? கொக்கோ வெண்ணெய் ஆறு விதமாக உறையக்கூடியது. அதில் ஐந்தாவது விதம்தான் பளபளப்பாக, உடைத்தால் சத்தம் வருகிற மாதிரி, சுமார் 34 டிகிரியில் உருகுகிற மாதிரி இருக்கும். சும்மா உருக்கி ஆற விட்டால் மற்ற விதங்களும் கலந்து, மங்கலாக, கையில் பிசுபிசுவென்று நிற்கும். என்னிடம் 500 கிராம் டார்க் சாக்லேட் இருக்கிறது. அதில் முக்கால் பங்கை, லேசாகக் கொதிக்கும் தண்ணீர் மேல் வைத்த கிண்ணத்தில் 45 டிகிரிக்கு உருக்கியிருக்கிறேன். கிண்ணத்தை இறக்கியதும் அடிப்பக்க ஈரத்தை உடனே துடையுங்கள், கரண்டியும் எலும்பு மாதிரி காய்ந்திருக்க வேண்டும். மீதிக் கால் பங்கைப் பொடியாக நறுக்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறுகிறேன். கடையிலிருந்து வரும்போதே அது சரியான விதத்தில் உறைந்திருப்பதால், மற்றதற்கும் அது வழி காட்டும். 28 டிகிரிக்கு இறங்கியதும், மெல்ல 31 அல்லது 32க்கு ஏற்றிக்கொள்ளலாம். மில்க் சாக்லேட்டுக்கு 29, 30 போதும். கத்தி முனையை முக்கி வைத்துப் பாருங்கள், ஐந்து நிமிடத்துக்குள் பளபளப்பாக இறுகினால் தயார்.

துண்டை இப்படிப் போட்டு, முள்கரண்டியால் புரட்டி, தூக்கி, கிண்ண ஓரத்தில் இரண்டு தட்டு. அடிப்பக்கத்தை ஓரத்தில் இழுத்து வழித்துத் தாளில் வைத்தால், சுற்றிலும் பாவாடை கட்டாது. கேரமல் அறைச் சூட்டில் இருக்க வேண்டும். குளிர்ந்த துண்டை முக்கினால், அது பிறகு விரிந்து மேல் ஓட்டில் விரிசல் விடும். இறுகும் முன் மேலே இரண்டு உப்புக் கல் வைக்கலாம். கிண்ணத்தின் அடியில் மிஞ்சும் சாக்லேட்டில் கைப்பிடி வறுத்த நட்ஸைப் போட்டுக் கிளறி, ஸ்பூன் ஸ்பூனாகத் தாளில் வையுங்கள், பெட்டிக்கு இரண்டாவது ரகம் கிடைத்துவிட்டது.

சில நாள் கழித்து மேலே வெள்ளையாகப் பூத்தால் பூசணம் என்று தூக்கிப்போட வேண்டாம். விரலால் தேய்த்ததும் கரைந்து மறைந்தால் அது வெளியே வந்த கொழுப்பு. மறையாமல் சொரசொரவென்று இருந்தால் ஈரம் பட்டுச் சர்க்கரை வெளியே வந்திருக்கிறது. இரண்டையும் சாப்பிடலாம், பரிசாகக் கொடுக்க மட்டும் மனது வராது.

பெட்டியில் அடுக்கும்போது, சாக்லேட் போடாத வெறும் கேரமல் இருந்தால் அன்றைக்கே தனித்தனியாக மெழுகுத் தாளிலோ செலோபேனிலோ முறுக்கிவிடுங்கள். திறந்து கிடந்தால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். 18, 20 டிகிரி இடத்தில், காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு மூன்று வாரம் நன்றாக இருக்கும். வீடு அதை விடச் சூடு என்றால் ஃப்ரிட்ஜ்தான் வழி. டப்பாவோடு வையுங்கள், எடுத்த பிறகு அறைச் சூட்டுக்கு வரும் வரை திறக்காதீர்கள். பூண்டு, வெங்காயம் பக்கத்தில் வேண்டாம், சாக்லேட் எல்லா வாடையையும் பிடித்துக்கொள்ளும்.

பெட்டி மேல் ஒரு சின்னச் சீட்டு ஒட்டுங்கள். பாதாம், வால்நட், பால், வெண்ணெய் என்று உள்ளே இருப்பதையும் செய்த தேதியையும் எழுதுங்கள். நட்ஸ் ஒவ்வாமை சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். நீங்கள் கொடுக்கிறவருக்கு இல்லாவிட்டாலும், அவர் வீட்டில் பெட்டியைத் திறக்கிறவருக்கு இருக்கலாம்.

பாத்திரத்தில் கெட்டியாகப் பிடித்திருக்கிறதே, அதைச் சுரண்டி மெனக்கெட வேண்டாம். முழுக்கத் தண்ணீர் ஊற்றி, கரண்டியையும் அதிலேயே போட்டு, ஒரு கொதி விடுங்கள், தானாகக் கரைந்துவிடும். நான் அதை அடுப்பில் வைக்கப் போகிறேன். சந்தேகம் இருந்தால் கேளுங்கள், வருகிறேன்.