தலைவலி மாத்திரைக்குத் தலை எங்கே என்று தெரியாது

அனைவருக்கும் வணக்கம். போன மாதம் ஒரு பள்ளியில் பேசப் போயிருந்தேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "தலைவலிக்குப் போட்ட மாத்திரை தலைக்கு எப்படி சார் வழி கண்டுபிடிச்சுப் போகுது?" என்று கேட்டாள். முப்பது வருஷம் மருந்தியல் நடத்தியவன் நான். வகுப்பில் இப்படி ஒரு கேள்வி எனக்கு வந்ததில்லை.

அது வழி கண்டுபிடிப்பதே இல்லை. மாத்திரைக்குத் தலையும் தெரியாது, முழங்காலும் தெரியாது. விழுங்கிய பாராசிட்டமால் வயிற்றில் கரைகிறது, சிறுகுடலில் ரத்தத்தோடு சேர்கிறது. குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் கல்லீரலுக்குள் நுழைந்துதான் இதயத்துக்குப் போக வேண்டும். சில மருந்துகளைக் கல்லீரல் அங்கேயே பெருமளவு சிதைத்துவிடும். நெஞ்சுவலிக்காரரை மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்வது இதனால்தான். அங்கிருந்து அது கல்லீரலுக்குப் போகாமல் நேரே இதயத்தை அடைந்துவிடும். பதற்றத்தில் விழுங்கிவிட்டால் பலன் வெகுவாகக் குறையும். வீட்டில் இதய நோயாளி இருப்பவர்கள் இதை மறக்காதீர்கள்.

சரி, பாராசிட்டமால் கல்லீரலைத் தாண்டிவிட்டது. இனி அது உடம்பு முழுக்கச் சுற்றும், கால் கட்டைவிரல் வரைக்கும். மூளைக்கும் தண்டுவடத்துக்கும் போய்ச் சேர்வதால் வலி குறைகிறது. சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் உள்ளது பாதியாகும். ஆறு மணி நேரத்தில் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். அடுத்த வேளை மாத்திரையை எப்போது போடுவது என்பது இந்தக் கணக்கிலிருந்து வருகிறது.

எல்லா மருந்துக்கும் இந்தக் கணக்குப் போதாது. ஆஸ்பிரின் ரத்தத்தில் இருபது நிமிஷத்துக்குள் பாதியாகிவிடும். ஆனால் அதற்குள் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களில் இருக்கும் ஒரு நொதியை நிரந்தரமாக முடக்கிவிடும். தட்டணுவுக்கு உட்கரு கிடையாது, புது நொதி செய்துகொள்ள வழியில்லை. பத்து நாள் வரை வாழும் அது, கடைசிவரை முடங்கியேதான் இருக்கும். மருந்து போய்விட்டது, வேலை நிற்கவில்லை! ஆஸ்பிரின் எந்த இடத்தில் கைவைக்கிறது என்று 1971-ல் காட்டியவர் இங்கிலாந்தின் ஜான் வேன். 1982-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். அறுவை சிகிச்சைக்கு முன் டாக்டர் 'ஆஸ்பிரின் சாப்பிடுகிறீர்களா' என்று கேட்டால், ஒரு வாரத்துக்கு முன் போட்டதையும் சொல்லுங்கள்.

இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. என் அத்தைக்குக் காய்ச்சல். 650 மில்லிகிராம் மாத்திரை நாளுக்கு நான்கு. சளிக்கென்று வேறொன்று, அதுவும் நான்கு. உடம்பு வலிக்கு இன்னொன்று, மூன்று. அட்டைகளைத் திருப்பிப் பார்த்தேன். மூன்றிலும் பாராசிட்டமால். சளி மாத்திரையில் 500, வலி மாத்திரையில் 325. கூட்டினால் ஒரு நாளைக்கு ஐந்தரை கிராமுக்கு மேல். திடமான பெரியவருக்கே உச்ச வரம்பு நான்கு கிராம்தான். மெலிந்தவர்களுக்கும் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. நல்லவேளை, முதல் நாளே பார்த்துவிட்டேன்.

வரம்பு ஏன் தெரியுமா? கல்லீரல் இந்த மருந்தில் பெரும்பகுதியைச் சிறுநீரில் போகும்படி மாற்றிவிடுகிறது. நூற்றில் ஐந்து, பத்து பங்கு மட்டும் நச்சாகிறது. குளுட்டாத்தியோன் என்ற பொருள் அந்த நச்சைப் பிடித்து அடக்கும். அளவு மீறினால் குளுட்டாத்தியோன் இருப்புத் தீர்ந்துவிடும். அப்புறம் நச்சு கல்லீரலையே அரிக்கும். முதல் நாள் கொஞ்சம் குமட்டலோடு சரி, சிலருக்கு அதுகூட இருக்காது. இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் கல்லீரல் கெட்டது தெரியவரும். அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்றுமருந்து இருக்கிறது. எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் பெரும்பாலும் கல்லீரலைக் காப்பாற்றிவிடலாம். அதனால் கூடுதலாகப் போட்டுவிட்டது தெரிந்தால், உடம்பு நன்றாக இருக்கிறதே என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று பள்ளியில் படித்தோமே, அங்கே மாத்திரை என்றால் அளவு. விழுங்கும் மாத்திரைக்கும் நமக்கு அதே சொல்தான்.

வீட்டு மாத்திரை அட்டைகளை எடுத்துவரச் சொல்லியிருந்தேன். கொண்டுவந்தவர்கள் முன்னால் வாருங்கள். பின்பக்கச் சிறு எழுத்தைச் சேர்ந்து படிப்போம்.