நடந்தால் வலி, நின்றால் நிம்மதி: கால் தமனிகள் தரும் எச்சரிக்கை

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

ரத்த ஓட்டம் குறைந்தால் எந்த உறுப்பும் பாதிக்கப்படும். ஆனால் அந்தக் குறைவை எவ்வளவு நேரம் தாங்கும் என்பது உறுப்புக்கு உறுப்பு வேறுபடும். மூளைக்குச் செல்லும் ரத்தம் முற்றிலும் நின்றுவிட்டால் சில விநாடிகளில் நினைவு தவறும். சில நிமிடங்களில் மூளைச் செல்கள் மடியத் தொடங்கும். இதயத் தசை ஏறத்தாழ 20 நிமிடங்கள் தாங்கும். கால் தசையோ 4 முதல் 6 மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கும். தமனிகள் மெல்ல மெல்லக் குறுகும்போதோ, கால்களின் ரத்த ஓட்டக் குறைவு பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் வளரக்கூடும். அதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுசெல்லும் குழாயான தமனியின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து பாதை குறுகும்போது, உட்கார்ந்திருக்கையில் தேவைப்படும் ரத்தம் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும். நடக்கும்போது தசைக்குப் பல மடங்கு ரத்தம் வேண்டும்; அது கிடைக்காததால் கெண்டைக்கால் இறுக்கிப் பிடித்து வலிக்கும். சில நிமிடங்கள் நின்றால் வலி விட்டுவிடும், மீண்டும் அதே தூரம் நடந்தால் திரும்ப வரும். இதை மூட்டுத் தேய்மானம் என்றும் வயதின் இயல்பு என்றும் எண்ணி நடப்பதையே குறைத்துக்கொள்பவர்கள் ஏராளம். எனக்கு மிகுந்த கவலை தருவது இதுதான். ஏனெனில் காலில் குறுகிய தமனி உள்ளவருக்கு இதயத்திலும் மூளையிலும் அதே நோய் இருக்க வாய்ப்பு அதிகம். இவர்களுள் பெரும்பாலோரின் உயிரைப் பறிப்பது கால் நோயன்று, மாரடைப்பும் பக்கவாதமுமே.

இதைக் கண்டறிவது எளிது. கணுக்காலில் அளந்த ரத்த அழுத்தத்தைக் கையில் அளந்த அழுத்தத்தால் வகுக்க வேண்டும்; விடை 0.9 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடைப்பு உண்டு என்று பொருள். நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளுக்குத் தமனிச் சுவரில் கால்சியம் படிந்து கெட்டிப்பட்டிருப்பதால் இந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டக்கூடும். அவர்களுக்குக் கால் விரலில் அழுத்தம் அளப்பதே நம்பகமானது. அவர்களுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. நரம்புகள் மரத்துப்போவதால் எச்சரிக்கும் வலியே தோன்றாமல், ஆறாத ஒரு புண்தான் முதல் அறிகுறியாக வரலாம். ரத்தம் எட்டாத இடத்துக்கு வெள்ளையணுவும் எட்டாது, மருந்தும் போதிய அளவில் எட்டாது. ஆகவே அந்தப் புண் விரலைக் கருக்கிப் பாதம் வரை பரவ முடியும்.

பீடி, சிகரெட்டை அறவே விடுவதே முதல் மருத்துவம். புகை பிடிக்கும் இளைஞர்களின் கைகால் தமனிகளை அடைக்கும் பர்கர் நோயில், புகையிலையை முற்றிலும் விட்டால்தான் கால் தப்பும். மற்றவர்களுக்கு மருத்துவர் பரிந்துரைக்கும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், ரத்தம் கட்டுவதைத் தடுக்கும் ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளோடு, வலி வரும்வரை நடந்து, நின்று, மீண்டும் நடக்கும் பயிற்சியை வாரம் 3 நாளாவது, சில மாதங்கள் விடாமல் செய்தால் வலியின்றி நடக்கும் தூரம் கூடும். படுத்தால் பாதம் வலித்து, கட்டிலிலிருந்து தொங்கவிட்டால் வலி குறைகிறது என்றாலோ, புண் ஆறவில்லை என்றாலோ, குறுகிய தமனியை உள்ளிருந்து விரிக்கும் பலூன் சிகிச்சையோ, அடைப்பைத் தாண்டி ரத்தம் செல்லப் புதுப் பாதை அமைக்கும் மாற்றுவழி அறுவை சிகிச்சையோ தேவைப்படலாம்.

திடீர் அடைப்பு வேறு வகை. பல சமயம் இதயத்திலிருந்து நகர்ந்து வந்த ரத்தக்கட்டி தமனியை அடைக்க, கால் சட்டென வெளுத்து, குளிர்ந்து, மரத்து, நாடி இழந்து கடுமையாக வலிக்கும். நாமோ குளிர்ந்த காலைத் தேய்த்துச் சுடுநீர் ஒத்தடம் கொடுக்கிறோம்; ரத்தமில்லாத தோல் அந்தச் சூட்டைத் தாங்காமல் வெந்துபோகும். 1963ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் தாமஸ் ஃபோகார்டி அறிமுகப்படுத்திய, நுனியில் பலூன் பொருத்திய மெல்லிய குழாயால் கட்டியை இழுத்தெடுக்கும் முறை இன்றும் பயனில் உள்ளது. தாமதமாக அடைப்பை நீக்கினால், மடிந்த தசையிலிருந்து வெளியேறும் பொட்டாசியமும் நச்சுப் பொருள்களும் இதயத் துடிப்பையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். எனவே வலி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஒத்தடமோ கைவைத்தியமோ செய்யாமல், ரத்தநாள அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள்.