கட்டுக்கம்பியும் கடற்பாசியும்: விதை ஏன் ஸ்கேனில் ஒளிந்துகொள்கிறது?

வணக்கம். இன்று மாடித் தோட்ட வீடியோ கிடையாது, எரிச்சலில் இருக்கிறேன். குபேர் அங்காடியில் கடற்பாசி ஒரு சின்னப் பாக்கெட் 140 ரூபாய்! நூறுக்குத் தருவாரா என்று கேட்டேன், கடைக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. 140. ரசீதை இதோ காட்டுகிறேன்.

கடற்பாசி எதற்கு? சாப்பிட இல்லை, ஒரு சோதனைக்கு. கடலூர்ப் பெரியப்பாவுக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். கதிரியக்க விதைகளை, அதாவது கதிர் வீசும் குட்டி உலோகத் துண்டுகளை, உள்ளே பதித்திருக்கிறார்கள். "பதிக்கும்போதே அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பார்த்தார்களே, ஒரு மாதம் கழித்து சி.டி. எதற்கு? காசு பிடுங்கவா?" என்று போனில் பிடித்துக்கொண்டார்.

ஒரு விதை 4.5 மில்லிமீட்டர் நீளம், 0.8 பருமன், சீரகச் சம்பாவை இன்னும் மெலிதாக்கியதுபோல. டைட்டானிய உறைக்குள் அயோடின்-125, சுமார் 60 நாளில் வீரியம் பாதியாகும். நான் அதே நீளத்துக்குக் கட்டுக்கம்பியை நறுக்கி, உடம்புச் சதைக்குப் பதிலாகக் கடற்பாசியைக் காய்ச்சி உறையவைத்த கட்டிக்குள் வைத்தேன். சொல்ல மறந்துவிட்டேன், சோளமாவும் கலந்திருக்கிறேன். இல்லையென்றால் படம் வெறும் கறுப்பாக வரும். ஸ்கேன் கருவி நான் வேலை பார்க்கும் கல்லூரி ஆய்வகத்துடையது. வீட்டில் வைத்துக்கொள்ளச் சட்டம் விடாது.

திரையைப் பாருங்கள். ஒலி நேராகப் பட்டால் கம்பி பளிச்சென்று தெரிகிறது. கொஞ்சம் சாய்த்தேன், காணோம்! வெயிலில் எவர்சில்வர் தட்டைத் திருப்புவதுபோல, எதிரொலி வேறு பக்கம் போய்விடுகிறது. இந்த வெள்ளைப் புள்ளியோ கம்பியே இல்லை, நான் அவசரமாகக் கிளறியதில் வந்த காற்றுக்குமிழி. உடம்பில் சுண்ணாம்புக் கற்கள் இப்படித்தான் ஏமாற்றும். சி.டி.யில் விதை தெளிவு, சுரப்பியின் விளிம்பு மங்கல், அல்ட்ராசவுண்டில் நேர்மாறு. பதித்தபோது வந்த வீக்கமும் வடிய வேண்டும், அதற்குத்தான் அந்த ஒரு மாதம்.

இப்போது என் வெற்றி! ஒரு கம்பியில் அரத்தால் குறுக்கே வரிப்பள்ளம் போட்டேன். சாய்த்தாலும் மினுக்குகிறது, பாருங்கள், இன்னொரு முறை பாருங்கள்! உறையில் இப்படி வரி போட்ட விதைகள் உண்மையிலேயே இருக்கின்றன. விதையை லேசாக அதிரவைத்து, அசைவைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் பிடிக்கும் முறையையும் ஆராய்ந்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது லேசர் வழி: ஒளித்துடிப்பை உலோகம் உறிஞ்சிச் சூடாகி, விரிந்து, தானே ஒலி எழுப்பும். விதை எங்கே இருக்கிறது என்று அறுவை மேசையிலேயே தெளிவாகத் தெரிந்தால், கதிர் குறைந்த இடத்தில் அப்போதே இன்னொன்றைப் பதித்துவிடலாம்.

இதையெல்லாம் பெரியப்பாவிடம் அரை மணி நேரம் விளக்கினேன். "சரி, சி.டி.க்கு வெறும் வயிற்றில் போக வேண்டுமா?" என்று மட்டும் கேட்டார்.