அந்த ஒரு வெள்ளி: 'வேற்றுமையே' அணியில் நான் பேசியது

நடுவர் ஐயா அவர்களே, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சிரிக்க ஆரம்பித்துவிட்ட எதிரணி அண்ணன்களே, தங்கையே, என் அணித் தோழர்களே, ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு இந்த மண்டபத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும் பினாங்கு மக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

"உலக மக்களின் அன்றாடப் பழக்கவழக்கங்களில் ஓங்கி நிற்பது ஒற்றுமையா, வேற்றுமையா?" இதுதான் தலைப்பு. எனக்குக் கொடுத்தது வேற்றுமை. வீட்டில் சொன்னதும் அம்மா கேட்டார், "ஏன்டி, ஒற்றுமைன்னு பேசினா நாலு பேர் கைதட்டுவாங்களே, உனக்கு மட்டும் ஏன் இந்த சண்டைக்காரத் தலைப்பு?" அம்மா சொன்னது சரிதான், எதிரணித் தலைவர் அண்ணனுக்குக் கைதட்டல் காதைப் பிளந்தது, பொய் சொல்ல மாட்டேன், நானும் தட்டினேன். "சீனர் 'சியாக் பா போயே' என்கிறார், மலாய்க்காரர் 'சுடா மாக்கான்' என்கிறார், நாம் 'பசியாறிட்டீங்களா' என்கிறோம், மூன்றுக்கும் அர்த்தம் ஒன்றுதான், வழக்கு முடிந்தது" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அண்ணே, கேள்வி ஒன்றுதான், ஒத்துக்கொள்கிறேன். பதில் சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? மார்க்கெட்டில் எதிரே வரும் சீனப் பாட்டி "சியாக் பா போயே" என்று கேட்கும்போது நீங்கள் நின்று நிதானமாக "இல்லை பாட்டி, காலையிலிருந்து வயிறு காய்கிறது" என்று சொன்னால் அவர் என்ன செய்வார், பாவம், கையில் இருக்கிற கீரைக் கட்டையா கொடுப்பார்? சாப்பிட்டாச்சு என்று சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டும், அது ஒரு குட் மார்னிங் மாதிரி. அதே கேள்வியை நம் அத்தை கேட்டு, நீங்கள் "இன்னும் இல்லை அத்தை" என்று தெரியாமல் சொல்லிவிட்டால் அப்புறம் தப்பிக்க முடியாது. சோறு, குழம்பு, அப்பளம், "இன்னும் கொஞ்சம் வச்சுக்கோ", எல்லாம் முடித்துத்தான் வாசலைப் பார்க்கலாம்.

மலாய்க்காரர் வீட்டில் இன்னும் வேறு. எங்கள் பக்கத்து வீட்டு மாக்சிக், அதாவது மலாய் அத்தை, தட்டை நீட்டி, வயிறு நிறைந்திருக்கிறது என்று நான் சொன்னால், "ஜாமாலா சிகிட்" என்பார். கொஞ்சம் தொட்டாவது வை என்று அர்த்தம். நீட்டின உணவைத் தொடாமலே போனால் போகிற வழியில் ஏதாவது ஆகிவிடும் என்பது அவர்களுடைய பழைய நம்பிக்கை, அதனால் ஒரு விரல் அளவு கிள்ளி வாயில் போட்டுவிட்டால் போதும், முகம் மலர்ந்துவிடும். இந்த மரியாதையை நன்றாகக் கற்றுக்கொண்டு வந்து, என் மாமியார் சுட்ட அதிரசத்தில் ஒரு விரல் அளவு கிள்ளி வாயில் போட்டுவிட்டு மீதியைத் தட்டில் வைத்தேன். "ஏம்மா, வாயில வைக்க முடியலையா?" மூன்று நாள் பேச்சில்லை. அந்தப் பக்கத்து வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு சுவர்தான், நடுவர் அவர்களே.

சரி, நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன். என்னோடு வேலை செய்கிற சீனத் தோழி ஒருத்திக்குக் கல்யாணம். நெருங்கிய தோழி. சிவப்பு அங்பாவ் உறை வாங்கி, புது நோட்டாகப் பார்த்துப் பொறுக்கி, நம் வழக்கப்படி 101 வெள்ளி, அதாவது ரிங்கிட், வைத்தேன். நூறோடு நிறுத்தினால் பூச்சியத்தில் முடிகிறதே, அந்த ஒரு வெள்ளி இருந்தால்தானே மேலும் மேலும் வளரும்? மொய் எழுதுகிற நமக்கு இதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஓட்டல் வாசலில் வரவேற்பு மேசை, அங்கே ஒரு சித்தி உட்கார்ந்து உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தொகையை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். என் உறையைப் பிரித்தார். எண்ணினார். மறுபடியும் எண்ணினார். அந்த ஒரு வெள்ளி நோட்டை மட்டும் தனியாக எடுத்து, என்னைப் பார்த்து, மேசை ஓரமாக மெதுவாகத் தள்ளி வைத்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சில்லறைத் தட்டுப்பாடு போல என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய் எட்டு வகைச் சாப்பாட்டையும் ஒரு பிடி பிடித்தேன்.

அடுத்த வாரம் தோழி சிரித்துச் சிரித்து விஷயத்தைச் சொன்னாள். அவர்களுக்கு நல்ல காரியம் என்றால் இரட்டைப்படை, எல்லாம் ஜோடியாக வர வேண்டும். சாவு வீட்டுக்குத்தான் ஒற்றைப்படை, துக்கம் ஜோடி சேரக் கூடாது என்பதற்காக. வெள்ளை உறையில் 51, 101 என்று வைத்துக் கொடுப்பார்களாம். உறையின் நிறம் மட்டும் சிவப்பாக இருந்தது, மற்றபடி நான் கச்சிதமாக ஒரு எழவு வீட்டுக்கு மொய் எழுதிவிட்டு வந்திருக்கிறேன்! நாலும் ஆகாது, அவர்கள் மொழியில் நாலும் சாவும் ஏறக்குறைய ஒரே ஓசை. அதனால்தான் நம் ஊர் அடுக்குமாடிகளில் லிப்டுக்குள் போனால் மூன்றுக்கு அப்புறம் மூன்று ஏ என்று பொத்தான் இருக்கிறது, தினமும் அழுத்துகிறோம், யாராவது ஏன் என்று கேட்டிருக்கிறோமா?

எதிரணித் தங்கை அங்பாவைத்தான் ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னார். சீனர் சிவப்பில் கொடுத்தார், மலாய்க்காரர் பச்சையில் டூயிட் ராயா என்கிற பெருநாள் காசு கொடுத்தார், நாம் தீபாவளிக்கு ஊதாவிலும் மஞ்சளிலும் கொடுக்கிறோம், பார்த்தீர்களா ஒற்றுமையை என்றார். தங்கச்சி, உறை ஒன்றுதான்மா. உள்ளே எவ்வளவு வைப்பது என்பதில்தான் என் மானம் போனது. இதில் இன்னொரு வேடிக்கை. ரஷ்யாவில் பூங்கொத்து கொடுப்பவர்கள் பூவை எண்ணித்தான் கொடுக்கிறார்கள், பிறந்தநாளுக்கும் காதலிக்கும் ஒற்றைப்படை, இரட்டைப்படை கல்லறைக்கு. ஆக, எங்கோ பனியில் இருக்கிற ரஷ்யர் கணக்கு நம் மொய்க் கணக்கோடு ஒத்துப்போகிறது, நாலு மேசை தள்ளி உட்கார்ந்திருக்கிற தோழியின் கணக்கு தலைகீழாக இருக்கிறது. ரஷ்யரையும் நம்மையும் காட்டி, இதுவும் ஒற்றுமைதானே என்று அண்ணன் துள்ளுவது தெரிகிறது. தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், அந்த ஒற்றுமையை வைத்துக்கொண்டு சீனக் கல்யாணத்துக்கு மட்டும் போய்விடாதீர்கள்.

அப்புறம் அண்ணனின் பிரம்மாஸ்திரம், ஜாலான் மஸ்ஜிட் கப்பித்தான் கிளிங். எனக்குத் தெரியும், பினாங்கில் இந்தத் தலைப்பைக் கொடுத்தால் ஒற்றுமை அணி இந்தத் தெருவைத் தொடாமல் போகாது. 2008இல் ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததிலிருந்து இந்தத் தெருவைக் காட்டாத மேடை இல்லை. 1818இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், கொஞ்சம் நடந்தால் சீனர்களின் குவான் யின் அம்மன் கோயில், பக்கத்துத் தெருவில் 1833இல் வந்த நம் மகா மாரியம்மன் கோயில், அப்புறம் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், எல்லாம் கூப்பிடு தூரம். உண்மை. ஆனால் அண்ணே, நீங்கள் அந்தத் தெருவை மேலே நிமிர்ந்து கோபுரமாகப் பார்க்கிறீர்கள், நான் கீழே குனிந்து செருப்பாகப் பார்க்கிறேன். தேவாலயத்துக்குள் செருப்போடு போகலாம், ஆண்கள் தொப்பியைத்தான் கழற்ற வேண்டும். குவான் யினிடம் செருப்போடு போய் ஊதுபத்தி வைக்கலாம், வாசற்படியை மிதிக்காமல் தாண்ட வேண்டும். மாரியம்மனிடம் செருப்பை வெளியே விட்டுக் காலைக் கழுவிக்கொண்டு போக வேண்டும். பள்ளிவாசலிலும் செருப்பை விட வேண்டும், ஆனால் அங்கே பெண்கள் தலையை மூட வேண்டும். ஒருத்தர் தலையை மூடச் சொல்கிறார், ஒருத்தர் தொப்பியைக் கழற்றச் சொல்கிறார், இரண்டுக்கும் பெயர் மரியாதைதான்.

மரியாதை என்கிற உணர்வு ஒன்றுதானே என்று கேட்பீர்கள். ஒன்றாகவே இருக்கட்டும். உணர்வை மட்டும் நெஞ்சில் வைத்துக்கொண்டு செருப்போடு மாரியம்மன் கோயிலுக்குள் வந்தால் விடுவீர்களா? உள்ளே விடுவதும் வெளியே நிறுத்துவதும் இந்தச் சின்ன வேற்றுமைதான்.

இந்த "எல்லாம் ஒன்றுதான்" என்பதில் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஆண்டுக் கடைசியில் ஒரு விருந்து. யாரையும் ஒன்றும் கேட்கவில்லை, ஹலாலாக இருந்தால் போதும், நாம் எல்லாரும் ஒரே குடும்பம் என்று ஆளுக்கொரு நாசி லெமாக் பொட்டலம். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, என் பக்கத்தில் இருந்த அக்கா சைவம். சம்பாலில் பெலாச்சான் என்கிற இறால் விழுது, மேலே நெத்திலி, ஓரத்தில் முட்டை. அவர் சம்பால் படாத பக்கமாகப் பார்த்து நாலு வாய் சோறும், அந்த மூன்று துண்டு வெள்ளரிக்காயும் சாப்பிட்டுவிட்டுப் பொட்டலத்தை மடித்தார். குடும்பம் என்றால் யார் என்ன சாப்பிடுவார் என்று தெரிந்திருக்க வேண்டாமா? ஒற்றுமை என்று சொல்லிவிட்டால் கேட்கிற வேலை மிச்சம், அதுதான் விஷயம்.

எதிரணிக்கு ஒரு புள்ளி நானே தருகிறேன், இரண்டாவது அண்ணன் சொன்னது. நாம் வீட்டை விட்டுக் கிளம்பும்போது "போறேன்" என்று சொல்ல மாட்டோம், "போயிட்டு வரேன்" என்போம். ஜப்பானியர் "இத்தெகிமாஸ்" என்கிறார்கள், அதுவும் அட்சரம் பிசகாமல் போய்விட்டு வருகிறேன்தான், வீட்டில் இருப்பவர் "இத்தெராஷாய்" என்பார், போயிட்டு வா. கேட்கும்போது எனக்கே உடம்பு சிலிர்த்தது. ஆனால் அதே ஜப்பானியர் வீட்டில் சாப்பாட்டு மேசையில் சோற்றுக் கிண்ணத்தில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி வைத்துப் பாருங்கள். இறந்தவருக்குப் படைக்கிற சோற்றில்தான் அப்படிக் குத்துவார்கள். ஒரு குச்சியிலிருந்து இன்னொரு குச்சிக்கு உணவைக் கைமாற்றவும் கூடாது, எரித்த பிறகு எலும்பை அப்படித்தான் எடுப்பார்கள். நம்மைப் போலவே விடைபெறுகிறார்களே என்று நம்பி உட்கார்ந்த மேசையில்தான் இந்தப் பள்ளம்.

ஈரானில் கடைக்காரரிடம் எவ்வளவு என்று கேட்டால் "காபெலி நதாரே" என்பார், உங்களுக்கு முன்னால் இதெல்லாம் ஒரு பொருட்டா என்று. இலவசம் என்று நினைத்துப் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவர் தொலைந்தார். அது தாரோஃப் என்கிற உபசாரம், நீங்கள் இரண்டு மூன்று முறை வற்புறுத்த வேண்டும், அப்புறம்தான் விலை வெளியே வரும். பல்கேரியாவில் தலையை மேலும் கீழும் ஆட்டினால் இல்லை என்று அர்த்தம், பக்கவாட்டில் ஆட்டினால் சரி. நம் ஆட்கள் ஆட்டுகிற ஆட்டுக்கு அங்கே என்ன ஆகுமோ! ஜெர்மனியில் பிறந்தநாளுக்கு ஒரு நாள் முன்னால் வாழ்த்தினால் அபசகுனம் என்பார்கள், இங்கே மூன்று நாள் முன்னாலேயே வாட்சாப்பில் அட்வான்ஸ் வாழ்த்து போட்டுக் கடமையை முடிக்கிறோம்.

எச்சில். இந்த ஒரு சொல்லை வைத்தே இன்னும் அரை மணி நேரம் பேசுவேன், நடுவர் முறைக்கிறார். தண்ணீர்ப் போத்தலை அண்ணாந்து ஊற்றிக் குடிக்கக் கற்றுக்கொடுத்த சாதி சனம் நாம். சீனப் புத்தாண்டுக்கு அந்தத் தோழி வீட்டுக்கு அம்மாவையும் கூட்டிப்போனேன். ஈ சாங் என்கிற மீன், காய்கறிக் கலவைத் தட்டு வந்தது, எல்லாரும் எழுந்து நின்று ஆளுக்கொரு குச்சியால் உயர உயரத் தூக்கிக் கிளறுகிறார்கள், உயரமாகத் தூக்கினால் அதிர்ஷ்டமாம். அம்மாவும் கிளறினார், சிரித்தார், ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. அந்த அம்மாவை எத்தியோப்பியாவுக்குக் கூட்டிப்போனால் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். அங்கே இஞ்செரா என்கிற பெரிய புளித்த தோசையைச் சுற்றி எல்லாரும் ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள், வந்த விருந்தாளிக்கு ஒரு கவளம் உருட்டி வாயிலேயே ஊட்டுகிறார்கள், குர்ஷா என்று பெயர், அன்பு அதிகம் என்றால் கவளமும் பெரிதாக வரும். நாமும் ஊட்டுகிறோமே என்று தங்கை எழுந்திருக்கிறார். உட்காரும்மா. நாம் குழந்தைக்கு ஊட்டுவோம், கல்யாண மேடையில் போட்டோக்காரர் சொன்னால் புருஷனுக்கு ஊட்டுவோம். நேற்று அறிமுகமான அலுவலக நண்பருக்கு ஊட்டுவோமா?

அந்தத் தோழி கதைக்கு ஒரு மீதி இருக்கிறது. போன வருஷம் என் தங்கைக்குக் கல்யாணம், தோழி தன் அம்மாவோடு வந்தாள். மொய் உறையை என் கையில் கொடுத்தாள், பிரித்தால் 101 வெள்ளி. நல்ல காரியத்துக்குப் போய் ஒற்றைப்படை வைக்கிறாயே என்று அவள் அம்மா காரில் வரும் வழியெல்லாம் புலம்பினாராம், மண்டப வாசலில்கூட அந்த ஒரு வெள்ளியை எடுத்துவிடச் சொன்னாராம். இவள்தான் "இல்லம்மா, அவங்க வீட்டுல இதுதான் நல்லது" என்று சொல்லி உறையை ஒட்டியிருக்கிறாள்.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். ஒரே ஒரு சின்ன விண்ணப்பம், இது தீர்ப்புக்காக இல்லை. முன்வரிசையில் நம் சிறப்பு விருந்தினர், ஓய்வுபெற்ற சீன ஆசிரியர், நாம் சிரிக்கும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவரிடம் அர்த்தம் கேட்டுக் கேட்டுத் தாமதமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார். அவருக்குக் கொடுப்பதற்காக மேசை மேல் ஒரு பெரிய வட்டமான பொட்டலம் தயாராக இருக்கிறது. நம் கல்யாணங்களில் நாலு பேராவது கொடுக்கிற பொருள் அது என்று வடிவத்தைப் பார்த்தே எனக்குத் தெரிகிறது. செயலாளர் ஐயா, சீன மொழியில் கடிகாரம் கொடுப்பது என்பதும் கடைசிக் காரியத்துக்குப் போய் நிற்பது என்பதும் ஒரே ஓசை. நடுவர் தீர்ப்பு சொல்லி முடிக்க எப்படியும் இருபது நிமிடம் ஆகும். பக்கத்துக் கடை திறந்திருக்கிறது, யாரையாவது அனுப்பி ஒரு பழக்கூடை வாங்கி வரச் சொல்லுங்கள், ஆரஞ்சு நிறையப் போட்டு. எண்ணிப் போடச் சொல்லுங்கள்.