அடக்கி வைக்காதீர்கள்

(பாபநாசம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், நடவு வேலைக்குப் போகும் பெண்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

தாய்மார்களே, பின்னால் நிற்கிற அண்ணன்மார்களே, வணக்கம். மைக் போட்டு மலத்தைப் பற்றிப் பேசுவதா என்று சங்கடப்பட வேண்டாம். பேசாமலே விட்டதால்தான் இங்கே இத்தனை பேர் அவதிப்படுகிறீர்கள்.

நடவு நாளில் விடிவதற்குள் கிளம்பிவிடுகிறீர்கள். காலையில் வயிற்றுக்குள் ஏதாவது போன கொஞ்ச நேரத்தில் பெருங்குடல் தானாக அசையும். மலம் கழிக்க அதுதான் நல்ல நேரம். அப்போது நீங்கள் சேற்றில் குனிந்து நிற்கிறீர்கள். ஒதுங்க மறைவிடம் கிடையாது. அதனால் அடக்குகிறீர்கள், தண்ணீர் குடிப்பதையும் குறைக்கிறீர்கள். உள்ளே தங்கிய மலத்திலிருந்து குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மறுநாள் அது கல்லாக இறங்கும்போது ஆசனவாயில் தோல் கிழிகிறது. வலிக்குப் பயந்து மறுபடி அடக்குகிறீர்கள். அது இன்னும் இறுகுகிறது.

இதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை. வயல் பக்கம் ஒரு கழிப்பறைக்கு வழி செய்யாமல், நிறையத் தண்ணி குடிம்மா என்று நான் சொன்னால் அது நியாயமா? அடுத்த கிராம சபையில் முதலில் இதைக் கேளுங்கள்.

அதுவரை, கிளம்புவதற்கு அரை மணி முன்னால் எழுந்து ஒரு சொம்பு தண்ணீர் குடியுங்கள், நீராகாரமோ டீயோ சாப்பிடுங்கள், வந்தால் போய்விட்டுக் கிளம்புங்கள். முக்க வேண்டாம். கீரை, வாழைத்தண்டு, கொய்யா எல்லாம் நம் கொல்லையிலேயே இருக்கிறது. மலத்தை இளக்கும் இசப்கோல் உமி வாங்கினால் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு குடியுங்கள். தண்ணீர் பத்தாவிட்டால் அதுவே அடைத்துக்கொள்ளும். ஆசனவாயில் அந்தக் கிழிசல், அதாவது வெடிப்பு இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் 10, 15 நிமிடம் உட்காருங்கள். புது வெடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும்.

அப்புறம், ரத்தம். கொஞ்சம் பட்டதுமே மூலம்தான் என்று நீங்களே முடிவுகட்டி, பஸ் ஸ்டாண்டு போர்டைப் பார்த்து ஊசி போட்டுக்கொள்ளப் போகிறீர்கள். பெரும்பாலும் மூலமோ வெடிப்போதான், சரி. ஆனால் பெருங்குடல் புற்றுநோயும் ரத்தமாகக் காட்டும். மலத்தோடு கலந்து வருகிறதா, சில வாரமாகவே போகிற வழக்கம் மாறியிருக்கிறதா, உடம்பு இளைக்கிறதா, ரத்தசோகை என்றார்களா? ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். டாக்டர் விரல் விட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும். கூட நர்ஸ் இருக்கட்டும் என்று கேளுங்கள். தேவைப்பட்டால் தஞ்சாவூருக்கு அனுப்புவார்கள்.

கடைசியாக ஒன்று. இடுப்பு வலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கி, வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு நாற்றுப் பிடிக்கிறீர்களே, அந்த வலி மாத்திரை இரைப்பையைப் புண்ணாக்கிவிடும். அந்தப் புண்ணில் ரத்தம் கசிந்தால் பெரும்பாலும் சிவப்பாக வராது; தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுவென்று, கடும் நாற்றத்தோடு போகும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சத்து மாத்திரை, அதாவது இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுப்பாகத்தான் போகும். அதற்காக அதை நிறுத்திவிடாதீர்கள். எதனால் கறுப்பு என்று குழப்பமாக இருந்தால், இரண்டு மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு வந்து காட்டுங்கள்.